ஸ்கேனில் தெரியாதது பிளாக்கில் இருந்தது

திசு வெட்டுவதுதான் என் வேலை. மதுரை அண்ணா நகரில் ஒரு தனியார் லேபில், ஹிஸ்டோபேத்தாலஜி பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஆபரேஷன் தியேட்டரிலிருந்தும் கிளினிக்கிலிருந்தும் ஃபார்மலின் பாட்டிலில் வரும் சதைத் துண்டுகளை இரவு முழுக்க மெஷினில் பதப்படுத்தி, பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவி, ஸ்லைடில் ஏற்றி, சாயம் போட்டு டாக்டர் மேசைக்கு அனுப்புவோம். திசு பதிந்திருக்கும் அந்த மெழுகுக் கட்டியைத்தான் பிளாக் என்போம்.

குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் பெண்களின் கருப்பை உள்சவ்வு, அதாவது எண்டோமெட்ரியம், எங்களுக்கு நிறைய வரும். ரிப்போர்ட் வாங்க வரும்போது கவுன்டரில் நின்றபடியே கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுல என்ன போட்டிருக்கும்மா?" என்று கேட்பார்கள். விளக்கம் சொல்லும் இடத்தில் நான் இல்லை. "டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா" என்று மட்டும்தான் சொல்ல முடியும். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்வது எனக்கு ஒவ்வொரு முறையும் கஷ்டமாக இருக்கும். அதனால் இங்கே என் சொந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

எனக்குக் கருக்குழாய் இரண்டும் சரியில்லை. ஐவிஎஃப் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். கருமுட்டை எடுத்து, கருவாக்கி, ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் வரை வளர்த்து உறைய வைத்தார்கள். நல்ல தரமான கருக்கள் என்று எம்பிரியாலஜிஸ்ட்டே சந்தோஷமாகச் சொன்னார். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கு முன்னாலும், அதாவது கருவைக் கருப்பைக்குள் வைப்பதற்கு முன்னால், ஸ்கேனில் உள்சவ்வின் கனம் பார்ப்பார்கள். 9 மில்லிமீட்டர், மூன்று கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன, "லைனிங் ரொம்ப நல்லா இருக்கும்மா" என்பார்கள். அப்புறம் கர்ப்பம் தரித்ததா என்று ரத்தத்தில் பீட்டா ஹெச்சிஜி பார்க்கும் நாள் வரும். நெகட்டிவ். அடுத்ததும் நெகட்டிவ்.

கரு நன்றாக இருக்கிறது, லைனிங் நன்றாக இருக்கிறது, ஹார்மோன் அளவும் சரி. ஆனாலும் ஒட்டவில்லை. ஏன் என்று கேட்டால் "சில பேருக்கு அப்படித்தான், அடுத்த தடவை பார்ப்போம்" என்ற பதில். இதைத் தாங்கிக்கொள்வது நெகட்டிவ் என்ற செய்தியைத் தாங்குவதைவிடச் சிரமம். காரணம் தெரிந்தால் அழுது முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

ஸ்கேன் கனத்தைக் காட்டும், கோடுகளைக் காட்டும். அந்தச் சவ்வுக்குள் எந்தெந்த செல்கள் குடியிருக்கின்றன என்பதைக் காட்டாது. அது எனக்குத் தொழில்ரீதியாகத் தெரிந்த விஷயம். ஆனால் எனக்கு ஏற்கனவே ஒரு பயாப்சி, அதாவது சோதனைக்கான திசு, எடுத்திருந்தார்களே! சிகிச்சை தொடங்கும்போதே, காசநோய் இருக்கிறதா என்று பார்க்க, மாதவிடாய்க்குச் சற்று முன்பு எடுத்தார்கள். நம் நாட்டில் கருக்குழாய் கெட்டுப்போனால் முதலில் சந்தேகப்படுவது பிறப்புறுப்புக் காசநோயைத்தான், அது நியாயமும்கூட. திசுவில் ஒரு பங்கு ஃபார்மலினில் போட்டு எங்களைப் போன்ற லேபுக்கு வரும். இன்னொரு பங்கு சலைனில், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆருக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் போகும். கல்ச்சர் முடிவுக்கு ஆறு வாரம் வரை காத்திருக்க வேண்டும். எனக்கு எல்லாமே நெகட்டிவ். ஹிஸ்டோபேத்தாலஜி ரிப்போர்ட்டில் "செக்ரீட்டரி ஃபேஸ் எண்டோமெட்ரியம், கிரானுலோமா இல்லை" என்று இருந்தது. அதாவது மாதத்தின் பிற்பாதிக்குரிய சவ்வு, காசநோயில் வரும் செல் திரட்சிகள் இல்லை. படித்துவிட்டு நிம்மதியாக ஃபைலில் வைத்தேன்.

இரண்டாவது நெகட்டிவுக்குப் பிறகு, நான் சிகிச்சை எடுத்த மையத்தில் "ஸ்க்ராட்சிங்" செய்யலாம் என்றார்கள். உள்சவ்வை மெல்லிய குழாயால் லேசாகச் சுரண்டிவிட்டால் அடுத்த மாதம் கரு ஒட்டும் வாய்ப்பு கூடும் என்ற நம்பிக்கையில் செய்வது. ஒரு காலத்தில் பல நாடுகளில் செய்தார்கள். ஆனால் 2019ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒரு பெரிய ஆய்வில், 1,364 பெண்களைப் பிரித்துப் பார்த்ததில், சுரண்டியவர்களுக்கும் சுரண்டாதவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதம் ஒன்றேதான், 26.1 சதவீதம். எங்கள் லேபின் பேத்தாலஜிஸ்ட் மேடம்தான் அதை எடுத்துக் காட்டினார். "சுரண்டுறதுக்கு முன்னாடி, உள்ள என்ன இருக்குன்னு பார்த்தாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு வேறொரு டாக்டரிடம் போனேன்.

அவர் என் ஃபைலை முழுவதும் புரட்டிப் பார்த்தார். பிறகு, மாதவிடாய் முடிந்த கையோடு ஹிஸ்டெரோஸ்கோபி செய்யலாம் என்றார். மெல்லிய கேமராவை உள்ளே விட்டு, சலைன் ஏற்றி, கருப்பையின் உட்புறத்தை நேரடியாகப் பார்க்கும் சோதனை. மாதத்தின் முற்பாதியில் செய்வதற்குக் காரணம் உண்டு. பிற்பாதியில் உள்சவ்வு இயல்பாகவே வீங்கிச் சிவந்து கரு வருகைக்குத் தயாராகும், வெள்ளணுக்களும் இயல்பாகவே கூடும். அந்த நேரத்தில் எது இயல்பு, எது அழற்சி என்று பிரிப்பது கடினம். எனக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய பாலிப்புகள், அதாவது சதை வளர்ச்சிகள், சலைனில் அசைந்துகொண்டிருந்தன. ஆங்காங்கே சிவப்புத் திட்டுகள். படத்தைக் காட்டியே சொன்னார், "இது க்ரானிக் எண்டோமெட்ரைட்டிஸ், உள்சவ்வுல நாள்பட்ட அழற்சி, மாதிரி இருக்கு. திசு எடுத்திருக்கேன், சிடி138 போட்டுப் பார்த்தாத்தான் உறுதி." அங்கேயே இன்னொன்றும் சொன்னார். "உங்க பழைய பிளாக் கிடைச்சா அதுலயும் போட்டுப் பாருங்க."

பிளாக்குகளை லேப்கள் வருஷக் கணக்கில் பத்திரமாக வைத்திருக்கும். நோயாளி எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். என் பழைய பயாப்சி பார்த்த லேபுக்குப் போய், டாக்டர் கடிதத்தைக் காட்டி, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். ஒரு பிளாஸ்டிக் கேசட், ஓரத்தில் பென்சிலில் எழுதிய நம்பர், நடுவில் மெழுகுக்குள் மங்கலாகத் தெரியும் சின்னச் சின்னத் துணுக்குகள். ஆயிரக்கணக்கில் கையாண்ட பொருள்தான். ஆனாலும் பஸ்ஸில் திருமங்கலம் திரும்பும் வழியெல்லாம் அதைக் கைப்பையில் வைக்க மனம் வராமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன்.

அதை நான் வெட்டவில்லை. கூட வேலை செய்யும் அண்ணன், "நீ போய் உக்காரும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார். பழைய பிளாக்கிலிருந்தும் புதிய பிளாக்கிலிருந்தும் ரிப்பன் ரிப்பனாகச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் ஸ்லைடில் ஏந்தினார். வழக்கமான ஹெச் அண்ட் இ சாயத்துக்கு ஒன்று, சிடி138க்கு ஒன்று.

இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நாள்பட்ட அழற்சிக்கு அடையாளம், உள்சவ்வின் ஸ்ட்ரோமா எனும் தாங்கு திசுவுக்குள் பிளாஸ்மா செல்கள் இருப்பது. கிருமிக்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கிற செல்கள் அவை. வழக்கமான சாயத்தில் அவற்றின் நியூக்ளியஸ் ஓரமாக ஒதுங்கி, கடிகார முகம் போன்ற புள்ளிகளோடு தெரியும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். நடைமுறையில் எண்டோமெட்ரியத்தில் ஸ்ட்ரோமா செல்லும் லிம்ஃபோசைட் எனும் வெள்ளணுவும் நெருக்கியடித்துக் கிடக்கும்போது, நாலைந்து பிளாஸ்மா செல்களைக் கண்டுபிடிப்பது அனுபவமுள்ள கண்ணுக்கும் கடினம். சிடி138 என்பது அந்தச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். அதைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றி, அதன்மேல் நிறமேற்றினால் பிளாஸ்மா செல்லின் விளிம்பு பழுப்பாக மின்னும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கருப்பைச் சுரப்பிகளின் எபிதீலியல் செல்களும் அதே பழுப்பை வாங்கிக்கொள்ளும். ஆகவே ஸ்லைடை முதலில் பார்த்தால் எங்கும் பழுப்பாகத்தான் இருக்கும். சுரப்பிகளை விலக்கிவிட்டு, இடையில் இருக்கும் ஸ்ட்ரோமாவில் தனித்தனியாக நிற்கும் பழுப்பு வளையங்களைத்தான் எண்ண வேண்டும்.

மேடம் என்னை எதிர் ஐபீஸில் உட்கார வைத்தார். எங்களிடம் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற மைக்ராஸ்கோப் இருக்கிறது. முதலில் புதிய ஸ்லைடு. நீல நிறப் பின்னணி, சுரப்பிகளின் பழுப்பு வட்டங்கள், அவற்றுக்கு நடுவே அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொன்றாகக் காட்டினார். இது ஒன்று, இதோ பக்கத்தில் இரண்டு, இங்கே ஒரு கொத்து. பிறகு பழைய ஸ்லைடை வைத்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. நான் முதலில் பார்த்துவிட்டேன். ஒரு சுரப்பியின் கீழ்ப்பக்கம், ரத்தக்குழாயை ஒட்டி, மூன்று பழுப்பு வளையங்கள். ஸ்லைடு நகர நகர இன்னும் வந்தன.

முதல் கருவை உள்ளே வைப்பதற்கு முன்பே அது அங்கே இருந்திருக்கிறது.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுதி முடிக்க முடியாது. ஆனால் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பழைய ரிப்போர்ட்டில் தப்பு இல்லை. காசநோய் இருக்கிறதா என்று கேட்டு அனுப்பினார்கள், இல்லை என்று பதில் வந்தது. வேறு கேள்வியை யாரும் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னபோது என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "மாசாமாசம் எல்லாம் வெளிய வந்துருதே, அப்புறம் எப்படி அது உள்ளயே இருக்கும்?" நல்ல கேள்வி. மாதவிடாயில் உதிர்வது மேல் அடுக்கு மட்டும். அடியில் இருக்கும் அடுக்கு அப்படியே நிற்கும், அதிலிருந்துதான் அடுத்த மாதத்துச் சவ்வு வளரும். அழற்சி அந்த அடி அடுக்கில் இருந்தால் ஒவ்வொரு மாதமும் மறுபடி மேலே வரும். அறிகுறி என்று பெரிதாக எதுவும் இருக்காது. எனக்கு மாதவிடாய்க்கு முன் லேசான கறை படும், அவ்வளவுதான். பலருக்கு அதுகூட இருக்காது. (எண்டோமெட்ரியோசிஸ் என்பது வேறு நோய். பெயர் நெருக்கமாக இருப்பதால் உறவினர்கள் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள்.)

இரண்டாவது கேள்வியை அவர் கேட்கவில்லை, அத்தை கேட்டார்கள். "இது எப்படி வந்துச்சு?" அந்தக் கேள்விக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பெரும்பாலும் இதைக் கிளப்புவது ஈ.கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், என்டெரோகாக்கஸ் மாதிரி குடலிலும் பிறப்புறுப்பிலும் சாதாரணமாக வாழும் பாக்டீரியாக்கள். யூரியாபிளாஸ்மா, மைக்கோபிளாஸ்மாவும் இருக்கலாம். கெட்ட நடத்தை என்று யாரையும் பார்க்க ஒரு காரணமும் இல்லை. இதை அத்தை முன்னால் உட்கார வைத்துச் சொன்ன அந்த டாக்டருக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மருந்து டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், 14 நாள். கணவருக்கும் சேர்த்தே எழுதினார். எல்லா டாக்டர்களும் கணவருக்குக் கொடுப்பதில்லை. இந்த மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், மதுரை வெயிலுக்கு இது சின்ன விஷயமில்லை. முக்கியமாக, கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ள மாதத்தில் எடுக்கவே கூடாது. எனக்கு இரவு மாத்திரைதான் கஷ்டம். வேலை முடிந்து வந்து சாப்பிட்டதும் கண் சொருகும். அத்தை டிவியை அணைக்காமல் எனக்காக உட்கார்ந்திருப்பார்கள். "படுக்காத, டாக்டரம்மா சொன்னாகல்ல, கொஞ்ச நேரம் இப்படி உக்காரு." அந்த அரைமணி நேரங்களில்தான் அவர்கள் தனக்குக் கலைந்துபோன ஒரு கர்ப்பத்தைப் பற்றி முதல்முறையாகப் பேசினார்கள். என் கணவருக்கே அது தெரியாது.

கோர்ஸ் முடிந்த அடுத்த மாதமே டிரான்ஸ்ஃபர் என்று நான் மனதுக்குள் தேதி குறித்துவிட்டேன். டாக்டர் மறுத்துவிட்டார். "மருந்து கொடுத்தேன்னு தெரியும். போச்சான்னு தெரியாதே." மறுபடி பயாப்சி. பிப்பெல் என்ற மெல்லிய குழாய் உள்ளே போகும்போது அடிவயிறு முறுக்கிப் பிழியும், மயக்க மருந்து கிடையாது, சில நொடிகள்தான். முடிவு, பிளாஸ்மா செல்கள் குறைந்திருக்கின்றன, ஆனால் இருக்கின்றன. கூடவே அனுப்பிய கல்ச்சரில் என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் வளர்ந்திருந்தது. அதற்கு எது கேட்கும் என்று சென்சிட்டிவிட்டி பார்த்து, அமாக்ஸிசிலின் கிளாவுலனேட் கொடுத்தார்கள். வயிறு பாடாய்ப் படுத்தியது. மறுபடி பயாப்சி. இந்த முறை மேடம் என்னைக் கூப்பிடவே இல்லை, நேராக என் மேசைக்கு வந்து ஸ்லைடை வைத்துவிட்டு, "க்ளீன்" என்றார்.

இந்த மறுபரிசோதனையைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். இத்தாலியின் பாரி நகரில் எட்டோரே சிசினெல்லி குழுவினர் 2015ல் ஹியூமன் ரீப்ரொடக்‌ஷன் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காரணம் தெரியாமல் மீண்டும் மீண்டும் கரு ஒட்டாத 106 பெண்கள். ஹிஸ்டெரோஸ்கோபி, திசு இரண்டிலும் அழற்சி உறுதியானது 61 பேருக்கு. ஆன்டிபயாடிக் கொடுத்து மறுபடி சோதித்ததில் 46 பேருக்குச் சரியாகியிருந்தது. அதற்கடுத்த ஐவிஎஃப்பில் குழந்தை பிறந்தது, சரியானவர்களில் 60.8 சதவீதம், சரியாகாதவர்களில் 13.3 சதவீதம். எண்ணிக்கை சிறியது, பழைய ஃபைல்களைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு, மருந்தால்தான் குழந்தை வந்தது என்று அடித்துச் சொல்லும் வகையானது இல்லை. ஆனாலும் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பார்த்த பிறகு, உறைய வைத்த ஒரு கருவை சோதிக்காத கருப்பையில் வைக்க என்னால் சம்மதிக்க முடியாது.

எதிர்ப்பக்கமும் சொல்கிறேன். எத்தனை பிளாஸ்மா செல் இருந்தால் நோய் என்பதில் உலகம் முழுக்க ஒரே அளவுகோல் இன்னும் வரவில்லை. நல்ல ஆரோக்கியமான பெண்களிடமும் ஒன்றிரண்டு இருக்கலாம். முதல் ஐவிஎஃப்புக்குப் போகும் எல்லோருக்கும் இதைச் செய்து, ஒரு செல் பார்த்ததும் மாத்திரை எழுதினால் அது வேறு மாதிரி அநியாயம். காசநோய் விஷயத்தில் அது நடப்பதைப் பார்க்கிறேன். பிசிஆர் மட்டும் பாசிட்டிவ், திசுவில் ஒன்றும் இல்லை, கல்ச்சரும் வளரவில்லை, ஆனாலும் ஆறு மாத மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். செத்துப்போன கிருமியின் மிச்சத்தைக்கூட பிசிஆர் காட்டும். அந்த மருந்து ஈரலைப் பதம் பார்க்கும். நல்ல கருக்கள் வைத்தும் மறுபடி மறுபடி ஒட்டாதவர்கள், அடுத்தடுத்துக் கரு கலைபவர்கள் கேட்க வேண்டிய சோதனை இது. ஒரு டிரான்ஸ்ஃபருக்கு ஆகும் பணத்தோடு ஒப்பிட்டால் சிடி138க்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

எனக்கு அடுத்த டிரான்ஸ்ஃபர் வரும் மாதம். ப்ரோஜெஸ்டிரோன் ஊசி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்று தோழி சொன்னாள். பாசிட்டிவ் வந்தால் பயத்தில் எழுத மாட்டேன், நெகட்டிவ் வந்தால் எழுதத் தெம்பு இருக்காது. ஸ்லைடு சுத்தமாகிவிட்டது என்பது உறுதியாகத் தெரிந்த செய்தி, அதை வைத்து இப்போதே எழுதிவிட்டேன்.

பயாப்சிக்குப் போகிறவர்களிடம், லேபின் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். பாட்டிலோடு ஒரு படிவம் வரும். அதில் நோயாளி விவரம் என்ற இடத்தில் பெரும்பாலும் "இன்ஃபெர்ட்டிலிட்டி, டிபி?" என்று மட்டும் கிறுக்கியிருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. உங்கள் கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியை அதில் எழுதச் சொல்லுங்கள், அது இல்லாமல் சவ்வு எந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. எத்தனை டிரான்ஸ்ஃபர் தோற்றது என்று எழுதச் சொல்லுங்கள். ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதையும். "பிளாஸ்மா செல் பார்க்கவும், சிடி138" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நர்ஸ் அவசரத்தில் இருந்தால் பேனாவை வாங்கி நீங்களே எழுதிவிட்டு டாக்டரிடம் கையெழுத்து வாங்கலாம். ஏற்கனவே பயாப்சி எடுத்தவர்கள் ரிப்போர்ட்டின் மேல் மூலையில் இருக்கும் நம்பரைக் குறித்துக்கொண்டு அந்த லேபுக்குப் போங்கள். பிளாக் இன்னும் அங்கேதான் இருக்கும்.